படுக்கை, பந்தி, பாட்டு: லண்டன் ஐரிஷ் மையத்தை முன்வைத்து

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம். மேடையில் இடையிடையே சொன்ன சில செய்திகள் நீக்கப்பட்டுள்ளன.)



புலம்பெயர்ந்தோரும் பண்பாட்டுக் காப்பும் என்ற பொதுத் தலைப்பைக் கொடுத்து, எந்த நாட்டை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்ற உரிமையையும் எனக்குத் தந்தார்கள். நான் அயர்லாந்தை எடுத்துக்கொண்டேன். தமிழ் படித்தவர்களுக்கு அந்த நாடு முற்றிலும் அந்நியமில்லை. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் தந்த கால்டுவெல் 1814இல் ஆன்ட்ரிம் கவுண்டியில் கிளாடி என்ற ஊரில் பிறந்தவர். சிறுவயதிலேயே பெற்றோரோடு கடல் தாண்டி கிளாஸ்கோ போனவர். 1917இல் அடையாற்றில் இந்தியப் பெண்கள் சங்கம் தொடங்கியவர்களில் ஒருவரான மார்கரெட் கசின்ஸ் அம்மையார் ராஸ்காமன் கவுண்டியின் பாய்ல் ஊர்க்காரர். அவர் 1954இல் அடையாற்றில் காலமானார். அதே 1954இல் லண்டனில் தொடங்கிய ஓர் அறப்பணியைப் பற்றித்தான் இன்று விரிவாகப் பேசப்போகிறேன். அதன் பெயர் லண்டன் ஐரிஷ் மையம்.

என் கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். அயல் மண்ணில் ஒரு மரபு நிலைப்பது, அந்த மரபுக்காரர்களின் அன்றாடத் தேவையோடு அது ஒட்டியிருக்கும் வரைக்கும்தான். தனிமை, தங்குமிடம், கூலி, அவமானம், முதுமை ஆகியவற்றில் ஏதோ ஒன்றுக்கு ஆறுதலாக எழுந்த பாட்டும் ஆட்டமும்தான் அயர்லாந்துக்காரர்களிடம் தலைமுறை கடந்து வந்திருக்கின்றன. கலைக்கு ஒரு அறை, சமூகநலத்துக்கு ஒரு அறை என்று நாம் பிரித்துப் பார்க்கிறோம். அந்த மக்களின் வரலாற்றில் அப்படியொரு சுவர் இல்லை. இதை ஆறு கூறுகளாகச் சொல்கிறேன். ஆறும் ஒரே நீளத்தில் இருக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. லண்டனில் பிறந்த ஊர்வழக்கம்

அயர்லாந்தின் பண்பாட்டு அடையாளங்களில் ஒன்று கெய்லீ. இசைக்குழு வாசிக்க, மண்டபம் நிறையக் கூடி எல்லோரும் சேர்ந்து ஆடும் மாலை அது. ஏதோ கிராமத்துத் தெருமுனையில் தொன்றுதொட்டு நடந்து வந்தது என்றுதான் பலரும் நினைப்பார்கள். பொது மண்டபத்தில் அந்தப் பெயரோடு நடந்த முதல் நிகழ்ச்சி 1897 அக்டோபர் 30, சனிக்கிழமை மாலை, லண்டனில், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில் இருந்த ப்ளூம்ஸ்பரி மண்டபத்தில் நடந்தது. நடத்தியது கேலிக் லீக்கின் லண்டன் கிளை. டக்ளஸ் ஹைடும் ஓயன் மக்நீலும் மற்ற நண்பர்களும் ஐரிஷ் மொழியை மீட்க 1893இல் டப்ளினில் தொடங்கிய இயக்கம் இந்த லீக். லண்டன் கிளையின் செயலாளர் ஃபினான் மக்கொலம், லண்டனில் இருந்த ஸ்காட்லாந்துக்காரர்கள் நடத்திய மாலைக் கூட்டங்களைப் பார்த்துவிட்டு நாமும் இப்படிக் கூடினால் என்ன என்று நினைத்தார்.

எண்ணிப் பாருங்கள். லீக் மொழி வகுப்பு நடத்துகிறது. பகலெல்லாம் அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்த்த இளைஞர்கள் மாலையில் வந்து இலக்கணம் படிக்கிறார்கள். வினைச்சொல் விகாரங்களை எத்தனை நாள் படிப்பார்கள்? அவர்களுக்கு வேண்டியது துணை. வாடகை அறையில் ஒற்றையாகக் கிடப்பவனுக்கு, தன் ஊர்ப் பேச்சுப் பேசும் நாலு முகம் வேண்டும். கெய்லீ அந்தத் தேவைக்காக வந்தது.

முதல் மாலையில் ஆடியவை க்வாட்ரில் வகைகளும் வால்ட்ஸும்தான். பிறகுதான் இன்னும் பழைய ஆட்டங்களைத் தேடினார்கள். கெர்ரி கவுண்டியிலிருந்து வந்து லண்டனில் நடனம் கற்பித்த பேட்ரிக் ரீடியிடம் கற்றார்கள், கெர்ரிக்கே போய்த் திரட்டினார்கள். 1902இல் ஓ'கீஃப், ஆர்ட் ஓ'பிரையன் என்ற இருவர் ஐரிஷ் நடனக் கையேடு ஒன்றை வெளியிட்டார்கள். இருவரும் லண்டன்வாசிகள். ஆர்ட் ஓ'பிரையன் லண்டனிலேயே பிறந்தவர்.

அந்த மரபின் ஆட்டம் ஒன்றைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். 'லிமெரிக் மதில்கள்' என்று பெயர். இருவர் இருவராக, எதிரெதிரே நிற்பார்கள். முன்னே வந்து பின்னே போவார்கள். எதிரில் இருப்பவரோடு இடம் மாற்றிக்கொள்வார்கள், கைகோத்துச் சுற்றுவார்கள். ஒரு சுற்று முடிந்ததும் இதுவரை ஆடிய இணைக்கு முதுகு காட்டித் திரும்ப வேண்டும். அங்கே புதியதோர் இணை காத்திருக்கும். அதே அடிகள், அதே சுற்று, மறுபடி திரும்பல். பத்து நிமிடத்தில் மண்டபத்தில் பாதிப் பேரின் கையைப் பிடித்துவிட்டிருப்பீர்கள். கற்றுக்கொள்ள ஒரு மணி நேரம் போதும். முன்பின் தெரியாதவர்களை ஒரே மாலையில் தெரிந்தவர்களாக்க இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். எது தூய ஐரிஷ் என்று தீர்மானிக்கும் ஆசை பிற்பாடு லீக்குக்கு வந்தது. க்வாட்ரிலிலிருந்து வந்தவை என்று சொல்லி, கிளேர், கெர்ரி கிராமத்தார் காலகாலமாக ஆடிவந்த செட் நடனங்களை ஒதுக்கினார்கள். அவை பரவலாகத் திரும்பிவர 1980கள் வரை ஆயிற்று. காப்பவர்கள் கையில் கத்தரியும் இருக்கிறது என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

2. கேம்டன் சதுக்கத்து வீடு

இனி 1950களுக்கு வருகிறேன். சுதந்திர அயர்லாந்தின் மிக மோசமான பத்தாண்டு அது. 1951க்கும் 1961க்கும் இடையில், வந்தவர்களைக் கழித்துப் பார்த்தால், நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். 1961 கணக்கெடுப்பில் அங்கே எஞ்சியிருந்தவர்கள் 28 லட்சம் பேர். அதற்கு முன்னும் பின்னும் எந்தக் கணக்கெடுப்பிலும் அவ்வளவு குறைந்ததில்லை. சிறு நிலம் மூத்த மகனுக்குப் போனது, ஊரில் தொழிற்சாலை இல்லை, திருமணத்துக்கு வழியில்லை. பக்கத்துத் தீவிலோ போரில் இடிந்த நகரங்களைக் கட்ட ஆள் வேண்டும், புதிதாகத் தொடங்கிய தேசிய சுகாதாரச் சேவைக்கு நர்சுகள் வேண்டும். விசா கிடையாது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அயர்லாந்துக்காரர் பிரிட்டனில் வெளிநாட்டவராகக் கருதப்படவுமில்லை.

டப்ளினை அடுத்த டன் லேரி துறைமுகத்தில் இரவுக் கப்பல். வேல்ஸில் ஹோலிஹெட்டில் இறங்கினால் ரயில். விடியும்போது லண்டன் யூஸ்டன் நிலையம். அங்கிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கும் தூரத்தில் கேம்டன் டவுன். லண்டனில் ஐரிஷ் பேட்டை என்றால் கேம்டன், கில்பர்ன், கிரிக்கிள்வுட் என்று வடமேற்குத் திசையிலேயே நீண்டு போவதற்கு அந்த ரயில் நிலையமும் ஒரு காரணம்.

வந்தவர்களுக்கு எங்கே இடம்? 1951இல் அயர்லாந்துப் பிரதமர் டி வலேரா கோல்வேயில் பேசியபோது, பர்மிங்ஹாமில் ஐரிஷ் தொழிலாளர்கள் ஒரே படுக்கையை ஷிப்ட் முறையில் மாற்றி மாற்றி உபயோகிக்கும் நிலையைப் பகிரங்கமாகச் சொன்னார். பகலில் வேலை பார்ப்பவன் எழுந்துபோன சூட்டிலேயே இரவு வேலைக்காரன் வந்து படுத்தான். இங்கிலாந்தில் பெரிய சலசலப்பு எழுந்தது. டி வலேரா அவர்களை ஊருக்குத் திரும்பி வரச் சொன்னார், வந்தால் கொடுக்க வேலைதான் அவரிடம் இல்லை. கேம்டனில் 1905இல் கட்டிய ஆர்லிங்டன் ஹவுஸ் என்ற பிரம்மாண்டமான விடுதி இருந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் தங்கும் இடம். அதில் பல காலம் ஐரிஷ் கூலிக்காரர்களே நிறைந்திருந்தார்கள். அங்கே நுழைந்த இளைஞன் கிழவனாகித்தான் வெளியே வருவான் என்ற பயமும் இருந்தது.

இந்தச் சூழலில்தான் கத்தோலிக்கப் பாதிரியார்கள் சிலர் முன்கையெடுத்து 1954இல் இந்தப் பணியைத் தொடங்கினார்கள். 1955இல் கேம்டன் சதுக்கத்தில் மையம் திறந்தது. (அதே சதுக்கத்தில் 57ஆம் எண் வீட்டில்தான், சென்னையில் படித்த வி.கே. கிருஷ்ண மேனன் லண்டன் நாட்களில் குடியிருந்தார். அந்தப் பகுதி மக்கள் அவரைத் தங்கள் நகர்மன்றத்துக்கும் தேர்ந்தெடுத்தார்கள்.) மையம் முதலில் செய்த வேலை, கப்பலிறங்கி வந்த இளைஞர்களுக்குப் படுக்கை கொடுத்தது. அடுத்தது வேலைக்கு வழி சொன்னது. ஊருக்குக் கடிதம் எழுத வைத்ததும், ஊரிலிருந்து பிள்ளையைத் தேடி வந்த கடிதத்துக்குப் பதில் எழுதியதும் இந்த வகைப் பணிகளில் சேரும்.

பாதிரியார்களின் கவலை எல்லாம் பிள்ளைகள் சர்ச்சை மறந்துவிடக் கூடாது என்பதுதான், பண்பாடு அவர்களுக்கு ஒரு சாக்கு, என்று சில ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். அந்தக் கவலை அவர்களுக்கு இருந்தது உண்மை. ஆனால் படுக்கை உண்மையான படுக்கை. மழைநாளில் வந்தவனுக்கு அதன் பின்னால் இருந்த நோக்கம் முக்கியமாக இருந்திருக்காது. விடுதி இருந்ததால் ஆட்கள் சேர்ந்தார்கள். ஆட்கள் சேர்ந்ததால் மண்டபம் தேவைப்பட்டது. மண்டபம் வந்ததால் நடனமும் திருமண விருந்தும் கவுண்டிச் சங்கக் கூட்டங்களும் வந்தன. அங்கே கவுண்டிச் சங்கம் என்பது நம் ஊர்க்காரர் சங்கம் மாதிரிதான். மேயோக்காரர்கள் தனி, கெர்ரிக்காரர்கள் தனி. அங்கே ஒரு காரியம் நடந்தது. மேயோவிலேயே இருந்திருந்தால் கெர்ரிக்காரரைச் சந்தித்தே இருக்க மாட்டார் ஒருவர். லண்டனில் இருவரும் ஒரே மண்டபத்தில் அடுத்தடுத்த மேசையில் உட்கார்ந்தார்கள். நாடு முழுமைக்குமான ஐரிஷ் உணர்வு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இப்படிப்பட்ட மண்டபங்களில்தான் உருப்பெற்றது என்று எனக்குத் தோன்றுகிறது.

மையத்துக்கு வெளியே வியாபார நடன மண்டபங்களும் இருந்தன. கேம்டனில் பஃபலோ, கிரிக்கிள்வுட்டில் கால்டிமோர். 1952இல் திறந்த கால்டிமோர் வாரக் கடைசிகளில் ஆயிரக்கணக்கானோரை இழுத்தது. 2008இல் மூடிவிட்டார்கள். நடனம் மட்டும் நடந்த இடம் நடனக்காரர்களுக்கு வயதானதும் மூடிக்கொண்டது. படுக்கையில் தொடங்கிய இடம் இன்றும் திறந்திருக்கிறது. இரண்டுக்கும் வேறு காரணங்களும் உண்டு, மனை விலை அதில் பெரிது. இருந்தாலும் இந்த வேறுபாட்டை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

3. தாய்நாடு கடன் வாங்கியது

இசைக்கு வருகிறேன். இன்று அயர்லாந்துக்குச் சுற்றுலா போகிறவர்கள் கட்டாயம் பார்க்க விரும்புவது பப்பில் நடக்கும் இசை அமர்வு. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஃபிடிலும் புல்லாங்குழலும் வாசிப்பார்கள். அயர்லாந்துக் கிராமத்தில் இசை நெடுங்காலம் வீட்டு அடுக்களையில்தான் இருந்தது. கிராமத்தில் அக்கம்பக்கத்தார் அடுப்பைச் சுற்றிக் கூடினார்கள். லண்டன் வாடகை அறையில் நாலு பேர் கூட முடியாது, வீட்டுக்காரம்மா ஃபிடில் சத்தத்துக்கு ஒத்துக்கொள்ளவும் மாட்டார். அதனால் இசைக்காரர்கள் பப்புக்குப் போனார்கள். 1940களின் பிற்பகுதியில் கென்டிஷ் டவுனில் டெவன்ஷயர் ஆர்ம்ஸ் என்ற பப்பில் தொடங்கியதை இதன் முன்னோடி என்பார்கள். பிறகு ஹாலோவேயில் ஃபேவரிட் என்ற பப். அங்கே பதிவு செய்த வாசிப்புகள் 1968இல் இசைத்தட்டாக வந்தன. கிளேர் கவுண்டியின் பாபி கேசி போன்ற பெருங்கலைஞர்கள் பகலில் கூலி வேலை பார்த்து மாலையில் வாசித்தார்கள். கிளேர், கோல்வே, ஸ்லைகோ பாணிகள் ஒரே மேசையில் கலந்தது அங்கேதான். விடுமுறைக்குப் போனவர்களும் ஊர் திரும்பியவர்களும் அந்த வழக்கத்தைக் கொண்டுபோனார்கள். இப்போது அது அயர்லாந்தின் தொன்மை வழக்கம்!

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான். கார்க் கவுண்டியின் டிராலிபேனில் 1848இல் பிறந்த ஃபிரான்சிஸ் ஓ'நீல், சிகாகோ போலீஸ் தலைமைப் பதவிக்கு உயர்ந்தவர். தன் ஊர்க்காரப் போலீஸ்காரர்களிடமும் இசைவாணர்களிடமும் கேட்டுக் கேட்டுச் சேர்த்து, 1903இல் 1,850 மெட்டுகள் கொண்ட தொகுப்பை வெளியிட்டார். அயர்லாந்தில் இருந்த யாரும் அதுவரை அவ்வளவு பெரிய தொகுப்பை வெளியிட்டிருக்கவில்லை. ஸ்லைகோவிலிருந்து 1914இல் நியூயார்க் போன மைக்கேல் கோல்மனின் ஃபிடில் இசைத்தட்டுகள் 1920களிலிருந்து அயர்லாந்துக்குத் திரும்பி வந்தன. வேறு கவுண்டிக்காரர்கள்கூடத் தங்கள் பாணியை விட்டு அவரைப் போல வாசிக்கத் தொடங்கினார்கள். ஊர்ப் பாணிகள் சில அதனால் தேய்ந்தன என்ற வருத்தமும் இருக்கிறது. விளையாட்டிலும் ஒரு சான்று உண்டு. அகில அயர்லாந்து கேலிக் கால்பந்து வெற்றியாளருக்குத் தரும் கோப்பை சாம் மக்வையர் பெயரில் இருக்கிறது. அவர் லண்டன் தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து, அங்கே கேலிக் விளையாட்டை வளர்த்தவர். 1994 ஏப்ரலில் டப்ளினில் யூரோவிஷன் பாட்டுப் போட்டி மேடையில் ரிவர்டான்ஸ் என்ற ஐரிஷ் நடனம் உலகத்தை ஈர்த்தபோது முன்னால் நின்று ஆடிய இருவரில் மைக்கேல் ஃபிளாட்லி சிகாகோக்காரர், ஜீன் பட்லர் நியூயார்க் பக்கத்துக்காரர். இருவரும் புலம்பெயர்ந்தோர் மண்டபங்களில் ஆடிப் பழகியவர்கள்.

4. வாய்திறக்க ஒரு இடம்

இந்தக் கூறு கசப்பானது. 1974 நவம்பர் 21 இரவு பர்மிங்ஹாமில் இரண்டு பப்களில் குண்டு வெடித்து 21 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் ஐரிஷ் இளைஞர்களும் உண்டு. எட்டே நாளில் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் வந்தது. குற்றச்சாட்டு இல்லாமலேயே ஏழு நாள் வரை காவலில் வைக்கலாம், பிரிட்டனிலிருந்து வெளியேற்றலாம். அதன்பின் ஐரிஷ் உச்சரிப்பே சந்தேகத்துக்குரியதாயிற்று. பேருந்தில் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள், கடையில் கையை நீட்டிக் காட்டிப் பொருள் வாங்கினார்கள் என்று அந்தத் தலைமுறையினர் சொல்லியிருக்கிறார்கள். பர்மிங்ஹாமின் செயின்ட் பேட்ரிக் நாள் ஊர்வலம் நின்றது. திரும்ப நடந்தது 1996இல்.

அந்தக் காலத்து விடுதிகளுக்கும் இந்த வழக்குகளுக்கும் நேரடித் தொடர்பும் இருந்தது. கில்ட்ஃபோர்டு குண்டுவெடிப்பில் தவறாகத் தண்டனை பெற்ற ஜெரி கான்லன், கில்பர்னில் ஒரு கத்தோலிக்க ஐரிஷ் விடுதியில் தங்கியிருந்தவர். சம்பவத்தன்று மாலை அவர் அந்த விடுதியில்தான் இருந்தார் என்று உடனிருந்த ஒருவர் போலீசுக்கு வாக்குமூலம் கொடுத்திருந்தார். அது அவருடைய வழக்கறிஞர்கள் கண்ணில் காட்டப்படவே இல்லை. அந்த வழக்கில் தண்டனை பெற்ற நால்வரும் 1989 அக்டோபரில்தான் விடுதலையானார்கள். மகனுக்கு உதவ பெல்ஃபாஸ்டிலிருந்து வந்து தானும் சிக்கிக்கொண்ட தந்தை ஜூசெப்பே 1980இல் கைதியாகவே இறந்துவிட்டார். பர்மிங்ஹாம் குண்டுவெடிப்புக்காகத் தவறாகத் தண்டனை பெற்ற அறுவர் 1991இல் வெளியே வந்தார்கள்.

வெளியே வாய்திறக்கத் தயங்கியவர்களுக்கு உள்ளே உரக்கப் பேச ஒரு கூரை வேண்டியிருந்தது. அந்த ஆண்டுகளில் ஐரிஷ் மையத்தில் ஒரு பாட்டைப் பாடுவது, 1955இல் பாடியதைவிடக் கனமான காரியம். 1973இல் உருவான ஐரிஷ் சங்கங்களின் கூட்டமைப்பு இத்தகைய மையங்களை இணைத்தது. 1980களின் முற்பகுதியில் கிரேட்டர் லண்டன் கவுன்சில் ஐரிஷ் மக்களைச் சிறுபான்மை இனத்தவராக ஏற்று நிதியுதவி கொடுக்கத் தொடங்கியது. இன சமத்துவ ஆணையத்துக்காக மேரி ஹிக்மனும் ப்ரான்வென் வால்டரும் தயாரித்த 1997ஆம் ஆண்டு அறிக்கை பாகுபாட்டைச் சான்றுகளோடு எழுதிவைத்தது. 2001 கணக்கெடுப்புப் படிவத்தில் முதன்முறையாக ஐரிஷ் என்று குறிக்கத் தனிக் கட்டம் கிடைத்தது.

5. கதவுக்கு வெளியே நின்றவர்கள்

மையங்களைப் புகழ்ந்துகொண்டே போனால் நான் என் கடமையைச் செய்தவன் ஆக மாட்டேன். அயர்லாந்திலிருந்து கிளம்பியவர்களில் பெண்கள் சரிபாதி, சில பத்தாண்டுகளில் அதற்கும் மேல். ஆனால் மண்டபங்களின் நிர்வாகக் குழுக்களில் நெடுங்காலம் பாதிரியார்களும் கட்டடக் கான்ட்ராக்டர்களும்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஊரைவிட்டு வந்த பெண்களில் பலர் எதிலிருந்து தப்பித்து வந்தார்களோ அதே அதிகாரம் இங்கே தேநீர் ஊற்றிக் கொடுத்தது. மணமாகாமல் கருவுற்றவளுக்கு அந்த வாசல் எளிதான வாசலாக இருந்திருக்குமா? அதனால்தான் 1983இல் லண்டன் ஐரிஷ் பெண்கள் மையம் தனியாகத் தொடங்கியது. அயர்லாந்தில் கருக்கலைப்பு குற்றமாக இருந்த காலத்தில், அதற்காக லண்டன் வந்த பெண்களை ரயில் நிலையத்தில் சந்தித்து, தங்கள் வீட்டில் தங்கவைத்து அனுப்பிய ஐரிஷ் பெண்களின் குழுவும் 1980கள் முழுக்க வேலை செய்தது. அவர்கள் கொடுத்ததும் படுக்கைதான். பெண்கள் மையம் நிதியின்றி 2012இல் மூடிக்கொண்டது. இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் வருத்தம் தரும் மூடல் அது.

இதன் இன்னொரு பக்கம், தேவாலய அமைப்புகள் நடத்திய தொழிற்பள்ளிகளிலும் மாக்டலின் சலவைக்கூடங்களிலும் சிறுவயதில் சிதைக்கப்பட்டவர்கள். அவர்களில் மிகப் பலர் வளர்ந்ததும் இங்கிலாந்துக்குத்தான் ஓடினார்கள். தொழிற்பள்ளிகளில் இருந்தவர்களுக்காக அயர்லாந்து அரசு 2002இல் இழப்பீட்டு வாரியம் அமைத்தது. அந்தப் பள்ளிகளில் நடந்த கொடுமைகளை விசாரித்த ரையன் அறிக்கை 2009 மேயில் வந்தது. விண்ணப்பம் நிரப்ப, பழைய பள்ளிப் பதிவேட்டைத் தேட, நாற்பது ஆண்டாகக் கணவனிடமும் சொல்லாததை முதன்முறையாக ஒருவரிடம் சொல்ல அவர்கள் வந்தது பிரிட்டனின் ஐரிஷ் மையங்களுக்கு. பாதிரியார்கள் தொடங்கிய மையமும் அதில் ஒன்று. அங்கே மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்த ஆலோசகர்கள் செய்த வேலையை நான் பண்பாட்டுக் காப்பு என்றே சொல்வேன். தன்னை விரட்டிய நாட்டின் பாட்டை ஒருவர் மறுபடி கேட்க ஒப்புவதற்கு முன்னால், அந்த நாடு செய்ததை யாராவது காதுகொடுத்துக் கேட்டாக வேண்டும்.

6. மேஸ்திரியின் பட்டப்பெயர்

கடைசிக் கூறு முதுமை. இங்கே மாணவர்கள் கூர்ந்து கேட்க வேண்டும், ஒரு பொருளாதார ஏற்பாடு எப்படிப் பண்பாட்டு மையத்தின் அன்றாட வேலையாக மாறுகிறது என்பது இதில் தெளிவாகத் தெரியும்.

கேம்டனிலும் கிரிக்கிள்வுட்டிலும் விடியற்காலையில் வேன்கள் வந்து நிற்கும். மேஸ்திரி ஆளைப் பார்த்து, நீ ஏறு, நீ வேண்டாம் என்பார். மாலையில் பணம் கையில். வரியும் இல்லை, தேசியக் காப்பீட்டுச் சந்தாவும் இல்லை. லம்ப் என்பது அந்த முறைக்குப் பெயர். கையில் கூடுதலாக நாலு காசு வந்ததால் இளைஞர்களும் விரும்பினார்கள். சிலர் பொய்ப் பெயரில் வேலை பார்த்தார்கள். சுரங்க ரயில் பாதைகளும் நெடுஞ்சாலைகளும் மின்நிலையங்களும் இப்படி எழுந்தன.

நாற்பது ஆண்டு கழித்து அதே மனிதர் ஓய்வூதிய விண்ணப்பத்தோடு மையத்தின் ஆலோசனை மேசைக்கு வருகிறார். படிவம் கேட்கிறது: எந்தெந்த ஆண்டு, எந்த நிறுவனத்தில், என்ன பெயரில்? அவருக்குத் தெரிந்தது மேஸ்திரியின் பட்டப்பெயர், வேன் நின்ற தெருமுனை, தோண்டிய பள்ளம் எந்தச் சாலையில் என்பது. சந்தா கட்டாத ஆண்டுகள் ஓய்வூதியத்தில் பள்ளங்களாக நிற்கின்றன. முதுகும் முழங்காலும் போய்விட்டன. திருமணம் ஆகவில்லை. ஊருக்கு எழுதுவதை நிறுத்தி வெகுகாலம் ஆயிற்று, ஏனென்றால் நன்றாயிருக்கிறேன் என்று எழுத முடியவில்லை. ஆலோசகர் பொறுமையாக, எந்த வேலையின்போது எந்த விடுதியில் இருந்தீர்கள், அந்த ஆண்டு அகில அயர்லாந்து இறுதி ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்று கேட்டுக் கேட்டு ஆண்டுகளை அடையாளம் காண முயல்வார். கால்பந்து நினைவு அங்கே ஓய்வூதியச் சான்று தேடும் கருவியாகிறது. அந்த ஊர்க் கதை தெரியாத அரசு அலுவலக ஊழியரால் அப்படிக் கேட்க முடியாது.

பிறகு அவரை மதிய உணவுக்கு இருக்கச் சொல்வார்கள். லண்டன் மையத்தில் மூத்தோருக்கு உணவு மன்றம் இருக்கிறது. வெந்த உருளைக்கிழங்கும் இறைச்சியும் முட்டைக்கோசும் வருவதைவிட, ஒரு வாரம் பேசாமல் இருந்தவர் பேச ஆரம்பிப்பது அங்கே பெரிய காரியம். நினைவு மங்கும் நோய் வந்தவர்களுக்குப் பழைய பாட்டும் மெட்டும் கடைசிவரை தங்குகின்றன. பிரிட்டனின் ஐரிஷ் அமைப்புகள் அதற்கென்றே பயிற்சியும் திட்டமும் வைத்திருக்கின்றன. ஆண்டுக்கணக்கில் ஊர்ப்பக்கம் போகாத முதியவர்களை விடுமுறைக்கு அயர்லாந்து அழைத்துப்போகும் ஆஷ்லிங் என்ற திட்டமும் கேம்டனில்தான் வேரூன்றியது.

அயர்லாந்து அரசு தாமதமாகத்தான் விழித்தது. 1990இல் குடியரசுத் தலைவரான மேரி ராபின்சன், கடல் கடந்தவர்களுக்காகத் தன் மாளிகைச் சன்னலில் விளக்கேற்றி வைத்தார். 1995இல் நாடாளுமன்றத்திலும் அவர்களைப் பற்றியே பேசினார். அழகான செயல்தான். ஓய்வூதியத்தில் பள்ளம் விழுந்தவருக்கு விளக்கு போதாது. 2004இல் புலம்பெயர்ந்தோர் ஆதரவுத் திட்டம் வந்து, ஆலோசகருக்குச் சம்பளமும் மதிய உணவுக்குப் பணமும் அரசிடமிருந்து முறையாக வரத் தொடங்கியபிறகே நிலைமை மாறியது. இன்றும் அந்தத் திட்டத்தில் நலிந்தோர் நலனுக்குத்தான் முன்னுரிமை. கலைக்கும் மரபுக்கும் அதே திட்டத்திலிருந்து பணம் போகிறது. அந்த வரிசையை நான் வரவேற்கிறேன்.

ஒரு சிலர் கேட்பார்கள்: முதியவர்கள் மறைந்தபின் மையம் எதற்கு? நியாயமான கேள்வி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தங்களை வெள்ளை ஐரிஷ் என்று குறித்தவர்கள் 2001இல் சுமார் 6 லட்சத்து 42 ஆயிரம், 2021இல் சுமார் 5 லட்சத்து 7 ஆயிரம். லிவர்பூலைப் பாருங்கள். அயர்லாந்தின் பெரும் பஞ்சகாலத்தில் லட்சக்கணக்கானோர் வந்திறங்கிய ஊர். அங்கே 1816இல் கட்டி முடித்த வெலிங்டன் ரூம்ஸ் என்ற எழிலான கட்டடத்தில் 1965இல் ஐரிஷ் மையம் தொடங்கியது. 1997இல் மூடினார்கள். பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்ற அரசு முத்திரை இருந்தும் அது ஆண்டாண்டுகளாகப் பாழடைந்தே கிடந்தது. லண்டன் மையத்துக்கோ 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு புதிய அலை வந்தது. ஆசிரியர்கள், நர்சுகள், கட்டட என்ஜினீயர்கள் வந்தார்கள். அவர்களுக்குப் படுக்கை தேவைப்படவில்லை. வீட்டு ஒப்பந்தமும் காப்பீட்டு எண்ணும் எப்படி வாங்குவது என்ற வழிகாட்டலும், முதல் குளிர்காலத்துக்குத் துணையும் தேவைப்பட்டன. 2020 பெருந்தொற்றில் அதே மையம் முதியவர்களுக்கு வீட்டு வாசலில் உணவு வைத்தது, தொலைபேசியில் பேச ஆள் ஏற்பாடு செய்தது. போனில் பேசிய தன்னார்வலர்களில் இளையவர்களும் இருந்தார்கள்.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். லண்டன் மெட்ரோபாலிடன் பல்கலைக்கழகத்தில், ஹாலோவேயில், பிரிட்டன்வாழ் ஐரிஷ் மக்களின் ஆவணக் காப்பகம் இருக்கிறது. உங்களில் யாராவது இந்தத் துறையில் இறங்கினால், கச்சேரி அழைப்பிதழ்களையும் நடனப் போட்டிப் பட்டியல்களையும் மட்டும் எடுத்துப் படித்துவிட்டு வந்துவிடாதீர்கள். அதே ஆண்டின் நலப்பணி அறிக்கைகளையும் பக்கத்தில் விரித்து வையுங்கள். எத்தனை பேர் படுக்கை கேட்டார்கள், எத்தனை பேருக்கு இல்லை என்று சொல்ல நேர்ந்தது, சமையலறைச் செலவு எவ்வளவு, மண்டப வாடகை வருமானம் எதற்குப் போனது என்று பாருங்கள். பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே பணம் எப்படிப் போய்வந்தது என்பதை அந்தக் கணக்குகளை வைத்து இதுவரை யாரும் முழுமையாக எழுதியதாக நான் படித்ததில்லை. உங்களில் ஒருவர் எழுதினால் முதல் வாசகனாக நான் இருப்பேன்.